முதலில் கண் பார்ப்பவர்கள்

நடுவில் சிறு துளை போட்ட கறுப்புத் தட்டு அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ‘பின்ஹோல்’ என்பார்கள். ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் பலகையில் முதல் பெரிய எழுத்தைத் தாண்டி எதுவும் தெரியவில்லை என்கிற பெரியவரின் கண்ணுக்கு முன்னால் அதைப் பிடித்து, “இந்த ஓட்டை வழியாப் பாருங்கய்யா, இப்பக் கீழ் வரி ஏதாச்சும் தெரியுதா?” என்று கேட்கிறார் இருபது வயதைத் தொடாத ஒரு பெண். பெரியவர் தடுமாறித் தடுமாறி இன்னும் இரண்டு வரி படித்துவிட்டால், அவருடைய குறையில் பெரும்பங்கு கண்ணாடி போட்டால் தீரக்கூடியது. துளை வழியாகவும் தேறவில்லையென்றால் புரையோ, விழித்திரையோ, நரம்போ, எங்கோ ஒரு நோய் இருக்கலாம். அரை நிமிடச் சோதனைதான். அந்தப் பெரியவர் அடுத்து எந்த அறைக்குப் போகவேண்டும், எவ்வளவு அவசரமாகப் போகவேண்டும் என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

அந்தப் பெண் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். வயதானவர்கள் ‘தாயி’ என்பார்கள். அரசு ஆவணங்களில் ‘கண் மருத்துவ உதவியாளர்’. கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். டாக்டரின் எதிரே உட்கார்ந்திருந்தது சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் உங்கள் கண் யார் கையில் இருந்தது? எழுத்துப் படிக்க வைத்தவர், கண் அழுத்தம் பார்த்தவர், சொட்டு மருந்து விட்டவர், ‘சக்கரை இருக்கா, எத்தனை வருஷமா’ என்று கேட்டு எழுதிக்கொண்டவர், ஆபரேஷன் என்றதும் பயந்துபோன உங்கள் அம்மாவை உட்காரவைத்துப் பேசியவர். டாக்டர் எடுக்கும் முடிவு இவர்கள் எழுதிக்கொடுத்த எண்களின் மேல்தான் நிற்கிறது. எண் தவறினால் முடிவும் தவறும். அதனால்தான் இந்த வேலைக்கு யார் வருகிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள், ‘இவர் தேர்ந்தவர்’ என்று யார் சான்று தருகிறார்கள் என்பது நம் எல்லோருடைய கவலையாகவும் இருக்கவேண்டும்.

மதுரையில் தொடங்கியது

சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் வரலாறு 1819-ல் தொடங்குகிறது. ஆசியாவின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரி என்ற பெருமை அதற்கு உண்டு. கண் டாக்டர்களுக்கு நம் மாநிலத்தில் அவ்வளவு நீண்ட மரபு இருக்கிறது. டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவரை முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணமோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது. மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவை நடத்திக்கொண்டிருந்த டாக்டர் கோ.வெங்கடசாமி, 1973-ல் கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். முப்பது வயதில் வந்த முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களைச் செய்தவர். ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியவர் என்பதால், டாக்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நாட்டின் பார்வையிழப்பைத் தீர்க்க முடியாது என்பது அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தது. டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலையெல்லாம் டாக்டரின் நேரத்தைத் தின்னக்கூடாது. அந்த வேலையைச் செய்பவர் டாக்டரைவிட அதில் கைதேர்ந்தவராக இருக்கவேண்டும். அவர் கட்டியது எல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான்.

1976-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. மத்திய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் என்ற பணியிடம் பரவலானது அந்தத் திட்டத்தால்தான். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியாமல் கடைசி பெஞ்சில் மக்கு என்று பெயரெடுத்துக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கண்ணாடி வாங்கிக்கொடுத்தவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றி யாரும் எழுதியதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இரண்டாவது காரியம், அரசுப் பணியிலிருந்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது. கூட நின்றவர்கள் தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்பத்தார். இன்று கண் அறுவையிலும் லேசர் சிகிச்சையிலும் சேர்த்து ஆண்டுக்கு நான்கு லட்சத்தைத் தாண்டும் நிறுவனமாக அது வளர்ந்திருக்கிறது. ஹார்வர்டு மேலாண்மைக் கல்லூரி 1993-லேயே அதைப் பாடமாக்கிவிட்டது. அந்த வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் டாக்டர் வெங்கடசாமியைப் பற்றி எழுதுவார்கள், அதன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் செய்து கொடுத்த மலிவு விலை லென்ஸ் பற்றி எழுதுவார்கள். நியாயம்தான். ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள் அல்ல. பிளஸ் டூ முடித்துவிட்டு, தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்த பெண்கள். டாக்டர் நாச்சியார் முன்னின்று வளர்த்த பயிற்சி அவர்களுடையது.

தேர்வுக்கு வரும்போது பெண்ணோடு அப்பா, அம்மாவும் வருவார்கள். குடும்பத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் எடுப்பது வழக்கம். மதிப்பெண் கேட்பார்கள், அதைவிட, வீட்டு வேலையும் காட்டு வேலையும் பார்த்து வளர்ந்த பிள்ளையா, பொறுமையாகப் பேசுமா என்று பார்ப்பார்கள். பயிற்சி இரண்டு வருடம். தங்குமிடமும் உதவித்தொகையும் உண்டு. முதல் சில மாதங்கள் எல்லோருக்கும் பொதுவான பாடம்: கண்ணின் அமைப்பு, கிருமி, சுத்தம், நோயாளியிடம் பேசும் விதம். பிறகு ஆளுக்கொரு துறை. சிலர் புறநோயாளி பிரிவில் பார்வைச் சோதனைக்குப் போவார்கள், சிலர் ஆபரேஷன் தியேட்டருக்கு, சிலர் வார்டுக்கு, சிலர் கண்ணாடிப் பிரிவுக்கு, சிலர் ஆலோசகராக. அதன்பின் மூத்தவர்களின் பக்கத்திலேயே நின்று நெடுநாள் கைப்பழக்கம்.

இருட்டறையில் ஒரு கோடு வெளிச்சம்

என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? எழுத்துப் பலகையிலிருந்தே தொடங்கலாம். சாதாரண வேலை போலத் தெரியும். ஒரு கண்ணை மூடச் சொன்னால் நோயாளி உள்ளங்கையால் அழுத்தி மூடுவார். கையை எடுத்ததும் அந்தக் கண் சிறிது நேரம் மங்கலாகத் தெரியும். அடுத்து அதைச் சோதித்தால் கணக்குத் தப்பிவிடும். விரலிடுக்கு வழியாகப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. முன்னால் நிற்பவர் படித்ததைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பிப்பவர்களும் உண்டு. எழுத்துத் தெரியாதவருக்கு நான்கு திசையிலும் திரும்பி நிற்கும் ஆங்கில ‘ஈ’ வடிவப் பலகை. விரலைக் காட்டித் திசை சொன்னால் போதும். “எனக்குப் படிக்கத் தெரியாதும்மா” என்று கூசுகிற கிழவியிடம் அந்தக் கூச்சத்தைப் போக்கிப் பதில் வாங்குவதும் பாடத்தில் ஒரு பகுதி. வலது கண்ணை இடது என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதனால் எப்போதும் வலதுதான் முதலில். பழக்கத்தைச் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்தது ரெட்டினோஸ்கோப். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இருட்டறை. நோயாளியிடமிருந்து ஒரு கை நீளத்தில் உதவியாளர். கருவியிலிருந்து மெல்லிய கோடாக ஒரு வெளிச்சம் நோயாளியின் கண் பாப்பாவுக்குள் விழுகிறது. உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒளி திரும்பி வருகிறது. கருவியை மெதுவாக அசைத்தால் அந்த ஒளியும் அசையும். கை போகும் திசையிலேயே போனால் பிளஸ் லென்ஸ் சேர்க்கவேண்டும். எதிர்த்திசையில் போனால் மைனஸ். லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வர, ஒரு கட்டத்தில் அசைவு நின்று பாப்பா முழுவதும் ஒரே வெளிச்சமாகிவிடும். 66 சென்டிமீட்டரில் உட்கார்ந்து பார்த்தால், அந்த இடத்தில் கிடைத்த எண்ணிலிருந்து 1.50 கழிக்கவேண்டும். அதுதான் பவர், அதாவது பவரின் முதல் கணக்கு. நோயாளி ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை. பேசத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூட இப்படிப் பவர் பார்த்துவிடலாம். குழந்தை கிட்டப் பார்க்க முயன்று கணக்கைக் கெடுக்காமல் இருக்க, முன்கூட்டியே சொட்டு மருந்து விட்டுக் கண்ணைத் தளர்த்திவிடுவார்கள். இன்று பட்டனை அழுத்தினால் எண்ணைத் துப்பும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இருந்தும், குறுகுறுவென ஆடும் குழந்தைக்கும் புரை மூடிய கண்ணுக்கும் இந்தக் கோடு வெளிச்சமும் பழகிய கையும்தான் துணை.

கண் அழுத்தம் பார்ப்பது இன்னொரு வித்தை. கருவிழியின் மேல் மஞ்சள் சாயம் தடவி, நீல வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்தில் எண்ணைப் படிக்கவேண்டும். 10 முதல் 21 வரை இயல்பு என்பது பாடப்புத்தகக் கணக்கு. நோயாளி மூச்சை அடக்கினால் எண் கூடும். இமையை இறுக்கினால் கூடும். சட்டைக் காலர் கழுத்தை நெரித்தாலும் கூடும். இதையெல்லாம் கவனிக்காமல் 26 என்று எழுதிவிட்டால், நோயே இல்லாதவர் கண் அழுத்த நோய்க்கு மருந்து விட்டுக்கொண்டு காலம் தள்ளவேண்டி வரலாம். குறைத்து எழுதினால் அதைவிட ஆபத்து. கிளாக்கோமா எனும் அந்த நோயில் போன பார்வை திரும்பி வராது.

பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் ஒரு டார்ச் சோதனை இருக்கிறது. காதுப் பக்கத்திலிருந்து வெளிச்சத்தை அடித்தால் கருவிழிக்குப் பின்னாலுள்ள வண்ணப் படலம் முழுவதும் ஒளிரவேண்டும். மூக்குப் பக்கம் நிழல் விழுந்தால் அந்தக் கண்ணின் முன்னறை குறுகலானது என்று பொருள். அப்படிப்பட்ட கண்ணில் விரிவு மருந்தை விட்டால் திடீரென்று அழுத்தம் ஏறி, தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வரலாம். மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு “டாக்டர் ஒரு தடவை பாத்துரட்டும்மா” என்று சொல்லத் தெரிந்திருப்பது, மருந்து விடத் தெரிந்திருப்பதைவிடப் பெரிய படிப்பு.

புரை ஆபரேஷனுக்கு முன்பு கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இமையோரத்துச் சிறு துளையில் மெல்லிய ஊசிக்குழலால் உப்புநீரைச் செலுத்தி, “தொண்டைல உப்புக் கரிக்குதா?” என்று கேட்பது பலருக்கு நினைவிருக்கும். கரித்தால் பாதை சரி. கரிக்காமல் சீழ் திரும்பி வந்தால் ஆபரேஷன் தள்ளிவைக்கப்படும். அந்தச் சீழ் கண்ணுக்குள் போனால் கண்ணே போய்விடும். அதேபோலத்தான் லென்ஸ் அளவு பார்ப்பதும். ஒலி அலைக் கருவியின் முனையைக் கருவிழிமேல் தொட்டு விழியின் நீளத்தை அளப்பார்கள். சற்றே அழுத்திவிட்டாலும் விழி உள்ளே அமுங்கி நீளம் குறைவாகக் காட்டும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகு, லென்ஸ் பவரில் ஏறத்தாழ இரண்டரை எண் பிசகு. டாக்டர் எவ்வளவு கச்சிதமாக ஆபரேஷன் செய்திருந்தாலும், அந்த நோயாளி பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டுதான் டி.வி. பார்க்கவேண்டும். எந்த விசாரணையிலும் டாக்டரின் பெயர்தான் வரும். தவறு நடந்ததோ அளக்கும் மேஜையில்.

ஆபரேஷன் தியேட்டர் தனி உலகம். அரவிந்தில் ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கண்ணைச் சுற்றித் துடைத்து, அயோடின் சொட்டு விட்டு, துணி போர்த்தி, கருவிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போய்விடுவார். கையை நீட்டினால் கேட்காமலே வேண்டிய கருவி வரும். ஒரு நாளில் ஒரு மருத்துவர் எத்தனை பேருக்குப் பார்வை கொடுக்கிறார் என்ற கணக்கைப் பெருக்கியது மருத்துவரின் கைவேகம் மட்டுமல்ல. அவரைச் சுற்றி நிற்கும் இந்தப் பெண்களின் ஒழுங்கும்தான்.

ஆலோசகர் வேலையைச் சிலர் இலேசாக நினைப்பார்கள். கருவி எதுவும் இல்லாத மேஜை அது. மகன் இருந்தால்தான் ஆபரேஷன் என்று அடம்பிடிக்கும் அப்பாவிடமும், ‘இந்த வயசுல எதுக்கு’ என்று செலவைத் தவிர்க்கப் பார்க்கும் மகனிடமும், புரை முற்றட்டும் என்று சொல்லியனுப்பிய பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையோடும் சேர்த்துப் பேசவேண்டும். கிராமத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து தொடங்குகிறது, எங்கே முறுக்கிக்கொள்ளும் என்று தெரியும். இந்த ஒன்றைத்தான் எந்தக் கல்லூரியும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம்.

டாக்டர் இல்லாத ஊரில்

2004 வாக்கில் அரவிந்த் தொடங்கிய ‘விஷன் சென்டர்’கள் இந்தப் பணிக்கு இன்னொரு முகம் கொடுத்தன. ஒரு சிற்றூர். கடைத்தெருவில் ஓர் அறை. உள்ளே கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஸ்லிட் லேம்ப், எழுத்துப் பலகை, கணினி. டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணை முழுவதும் சோதித்துக் குறிப்பெழுதி, தேவையென்றால் படமெடுத்து அனுப்புவார். தாய் மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்து, நோயாளியோடு திரையில் பேசி முடிவு சொல்வார். இப்போது இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள். ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையும் ‘விஷன் டெக்னீஷியன்’ என்ற பெயரில் கிராமத்து இளைஞர்களைப் பயிற்றுவித்து இதே வழியில் மையங்களை நடத்துகிறது.

நாள்கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, துணைக்கு ஆள் தேடி மதுரைக்குப் போகவேண்டியிருந்த ஒரு கைம்பெண்ணுக்கு, நடந்துபோகிற தூரத்தில் கண் பார்க்க ஆள் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை, பார்வைக் குறைபாடு உள்ள 220 கோடிப் பேரில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்கிறது. அவர்களில் பெருந்தொகையினருக்குத் தேவை புரை அறுவையோ ஒரு கண்ணாடியோதான். நம் நாட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு புரையால் வருவது என்கிறது 2015–19 தேசியக் கணக்கெடுப்பு. மருந்தும் மருத்துவமும் தெரிந்த நோய்தான். நோயாளியையும் டாக்டரையும் சேர்த்துவைக்கும் ஆள்தான் குறைவு.

சான்றிதழ் யாருடையது?

இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். திறமை இருக்கிறது. அதற்கு ஊரறிந்த அத்தாட்சி இருக்கிறதா?

பல ஆண்டுகளாக இந்தப் பணிக்கு நம் நாட்டில் பொதுவான தேர்வோ, பதிவேடோ இருந்ததில்லை. ஒரு மருத்துவமனை தன் தேவைக்குப் பயிற்சி கொடுக்கும்; தன் முத்திரையோடு ஒரு தாள் கொடுக்கும். கல்யாணமாகிக் கணவனின் ஊருக்குப் போகிற பெண், அந்தத் தாளை இன்னொரு மருத்துவமனையில் நீட்டினால், “இது எங்கம்மா செல்லும்?” என்று கேட்டவர்கள் உண்டு. பத்து வருடம் ஆயிரமாயிரம் கண்களுக்குப் பவர் பார்த்த கை, புது ஊரில் வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுக்கும். நல்ல பயிற்சி பெற்றவருக்கு இந்த இழப்பு. மறுபுறம், மூன்று மாதம் கடையில் நின்று பழகியவர்கூட வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கண் பார்க்கலாம், கேட்பதற்கு யாருமில்லை. சான்றிதழ் இல்லாத நாட்டில் தேர்ந்தவரும் தேறாதவரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது. நோயாளிக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு கூட்டு ஆணையம் 1969-லேயே ஏற்பட்டுவிட்டது. அங்கே மூன்று படிகள்: உதவியாளர், டெக்னீஷியன், மருத்துவத் தொழில்நுட்பர். எங்கே படித்தாலும் சரி, கண் மருத்துவரின்கீழ் வேலை பார்த்துப் பழகியிருந்தாலும் சரி, பொதுவான ஒரு தேர்வை எழுதி முதல் படியில் ஏறலாம். வாங்கிய சான்று ஆயுளுக்கும் செல்லாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, தொடர்கல்வி வகுப்புகளில் கலந்துகொண்டதைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கிற துறையில் இது மிகவும் சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் 2021-ல்தான் விடிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரப் பணியாளர்கள் ஆணையச் சட்டம் வந்தது. பத்துப் பிரிவுகளாக ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அது அங்கீகரிக்கிறது. அதில் கண் அறிவியல் ஒரு தனிப் பிரிவு. ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவ உதவியாளர், விஷன் டெக்னீஷியன் எல்லோருக்கும் அதில் பெயர் இருக்கிறது. துணை மருத்துவப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் குறைந்தது 2,000 மணிநேரப் படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்று சட்டம் வரையறுக்கிறது. மத்தியிலும் மாநிலத்திலும் பதிவேடுகள் இருக்கவேண்டும். பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். சட்டம் வரும் முன்பே இந்த வேலையில் இருப்பவர்களும் பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்திருக்கிறது.

சட்டப்புத்தகத்தில் இருப்பது நடைமுறையில் முழுதாக இறங்கவேண்டும். என் கவலை முக்கியமாகக் கடைசி வரியைப் பற்றியது. இருபது வருடமாக ரெட்டினோஸ்கோப் பிடித்த ஒரு பெண்ணிடம் பட்டயம் இல்லை, மருத்துவமனை கொடுத்த தாள்தான் இருக்கிறது என்றால், பதிவேடு அவரை வெளியே நிறுத்தக்கூடாது. அவருக்கென்று ஒரு செய்முறைத் தேர்வு வையுங்கள். இருட்டறையில் உட்காரவைத்து ஒரு குழந்தைக்குப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தேறினால் பதிவு செய்யுங்கள். தேறாவிட்டால் மறுபடி பயிற்சி கொடுங்கள். நேர்மையான வழி அதுதான்.

சேர நினைப்பவர்களுக்கு

இந்த வேலைக்கு வர விரும்பும் மாணவர்களும், பெற்றோரும் முதலில் மூன்று பெயர்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். கண் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் அவர் பொறுப்பு. ஆப்டோமெட்ரிஸ்ட் நான்காண்டுப் பட்டம் படித்தவர். பவர் பார்ப்பது, காண்டாக்ட் லென்ஸ், குறைபார்வையாளர் பராமரிப்பு இவருடைய களம். சென்னை சங்கர நேத்ராலயாவின் எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி 1985-லிருந்து இந்தப் படிப்பை நடத்துகிறது. கண் மருத்துவ உதவியாளர் பெரும்பாலும் இரண்டாண்டுப் பயிற்சியோ பட்டயமோ முடித்தவர். மருத்துவரின்கீழ் வேலை செய்பவர். எல்லை தெரிந்து நிற்பது இந்தப் படிப்பின் பாதி. திடீரென்று ஒரு கண்ணில் மின்னல் வெட்டுவது போல இருக்கிறது, திரை விழுகிறது என்று ஒருவர் வந்தால், வரிசையில் உட்காரவைக்காமல் உடனே டாக்டரிடம் அனுப்பத் தெரியவேண்டும்; விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டு ஒரு குழந்தை வந்தால் பெயர் எழுதுவதற்கு முன்பு, எழுத்துப் பலகைக்கு முன்பு, கண்ணைக் கழுவத் தொடங்கிவிடவேண்டும். நிறுத்தாமல் கழுவவேண்டும்.

சுவரொட்டிகளில் ‘ஆறே மாதத்தில் கண் டெக்னீஷியன், உடனடி வேலை’ என்று பார்த்தால் தள்ளி நில்லுங்கள். 2,000 மணிநேரம் என்ற அளவுகோலை நடைமுறையில் ஆறு மாதத்துக்குள் அடக்க முடியாது. விரும்பும் நிறுவனத்தில் நேரில் போய்க் கேளுங்கள். மருத்துவமனையோடு சேர்ந்த படிப்பா, வகுப்பறை மட்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்? மாணவர் தன் கையால் எத்தனை பேருக்குப் பவர் பார்க்கவேண்டும், எத்தனை பேருக்கு அழுத்தம் பார்க்கவேண்டும் என்று ஒரு பதிவேடு உண்டா, அதில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயரோ அரசு அங்கீகாரமோ இருக்கிறதா, சட்டப்படி மாநிலப் பதிவேட்டை வைத்திருக்கும் மாநிலக் கவுன்சிலின் பதிவுக்கு அது ஏற்கப்படுமா? படிப்பு முடிந்தபின் இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கிறார்களா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம்.

சம்பளம் பற்றியும் பேசத்தான் வேண்டும். தொடக்கத்தில் குறைவு. பல தனியார் இடங்களில் நெடுநாள் குறைவாகவே இருக்கிறது. அரசுப் பணியில் சேர்பவர்களுக்கு நிலைமை பரவாயில்லை; ஆனால் இடங்கள் சொற்பம். ஒருவருடைய கைத்திறனை நம்பி ஒரு மருத்துவமனை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கண்களைப் பார்க்கிறதென்றால், அந்தக் கைக்கு அதற்கேற்ற கூலி கொடுக்கவேண்டும். பெண்கள் அதிகம் செய்யும் வேலை என்பதாலேயே அதைச் ‘சேவை’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது எந்தத் துறையிலும் நியாயமில்லை. சான்றிதழின் பயன் இங்கேயும் உண்டு. பதிவெண் உள்ளவர் வேறு மருத்துவமனைக்குப் போகமுடியும். போகமுடிந்தவரிடம்தான் நிர்வாகம் சம்பளம் பேசும்.

கல்யாணத்துக்குப் பின் வேலையை விட்ட பெண்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. தமிழகத்தின் சிற்றூர்களில் இத்தனை விஷன் சென்டர்கள், கண்ணாடிக் கடைகள், சிறு மருத்துவமனைகள் வந்துவிட்ட நிலையில், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்து ஊரிலேயே இருந்தும் வீட்டில் இருக்கிறார் என்றால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல. மாநிலக் கவுன்சில் தன் பதிவேட்டை மாவட்டவாரியாகப் பொதுவில் வைத்தால், சென்டர் தொடங்குகிறவர் ஆள் தேடலாம், ஆள் வேலை தேடலாம், நோயாளியும் தன் கண்ணைப் பார்ப்பவர் பதிவு செய்தவரா என்று பார்த்துக்கொள்ளலாம். இடைவெளி விட்டுத் திரும்பி வருபவர்களுக்கு ஒரு மாதப் புத்தாக்கப் பயிற்சியை அந்தந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கண் பிரிவிலேயே நடத்தலாம். எழுத்துப் பலகை, டார்ச், ரெட்டினோஸ்கோப், ஸ்லிட் லேம்ப் எல்லாம் அங்கே இருக்கின்றன. கற்றுக்கொடுக்க மூத்த உதவியாளர்களும் இருக்கிறார்கள். இந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுத்து, அதற்கான படியையும் கொடுக்கவேண்டும்.